இடது பக்கத் திரை

விழித்ததும் அசையக் கூடாது. கழுத்தைத் திருப்பினால் போச்சு. கனவு தலையணையிலேயே தங்கிவிடும்.

டிரைவர் அசையவில்லை. மல்லாந்து கிடந்தபடியே, மார்பின் மேல் வைத்திருந்த செல்போனைக் கட்டை விரலால் மட்டும் தடவி, பதிவுப் பொத்தானை அழுத்தினான். கட்டை விரலுக்கு மட்டும் அனுமதி உண்டு.

"பஸ் ஓடுது," என்றான் தூக்கம் கலையாத குரலில். "நான்தான் ஓட்டறேன். உள்ள ஒரு ஆளும் இல்ல. இடது பக்கம், முன் சீட்டுகிட்ட அவ நிக்கிறா. வாய் நிறைய குண்டூசி. முன் கண்ணாடிக்குக் குறுக்கே ஸ்கிரீன் மாட்டறா. ஒவ்வொரு கொக்கியா மாட்டி இழுக்கறா. போன தடவை இடது வைப்பர் வரைக்கும்தான் வந்துச்சு. இப்ப பாதிக் கண்ணாடி போயிருச்சு. என்ன பண்றேன்னு கேக்கறேன். வாயில ஊசி, பேச மாட்டேங்கறா. ஸ்கிரீனுக்கு அந்தப் பக்கம் யாரோ பஸ்ஸைத் தட்டறாங்க. டப்... டப்... டப்... வெறுங்கையால தட்டற சத்தம். பிரேக்கை மிதிக்கறேன். கால் இருக்க வேண்டிய இடத்துல கால் இல்ல..."

மூச்சு வாங்கியது. போனை நிறுத்தினான். மேலே மின்விசிறி வேகமாகத்தான் சுற்றியது. ஆனாலும் பனியன் முதுகோடு ஒட்டியிருந்தது. ஜன்னலில் பிற்பகல் வெயில். விடிவதற்கு முன்பே டெப்போவுக்கு ஓடி, மதியம் திரும்பி, சாப்பிட்டு விழுந்தால் இந்தத் தூக்கம்தான் அவனுடைய ராத்திரி. சில வாரங்களாக இந்த ராத்திரிக்குள் அந்த பஸ் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

அடுத்த அறையில் நின்றிருந்த தையல் மெஷின் திடீரென்று ஓடத் தொடங்கியது.

கொஞ்ச நேரத்தில் மனைவி டீயோடு வந்தாள். ஜன்னல் திரை தைப்பது அவளுடைய தொழில். வாயில் கவ்வியிருந்த ஊசிகளை எடுத்து மணிக்கட்டில் கட்டிய பஞ்சுத் திண்டில் குத்திவிட்டு, டம்ளரை அவனுடைய வலது கைப் பக்கம், ஜன்னல் விளிம்பில் வைத்தாள். முன்பெல்லாம் கட்டிலுக்கு இடது பக்கம் ஒரு முக்காலி இருக்கும். அதில்தான் வைப்பாள். முக்காலியைக் காணோம். எப்போதிலிருந்து காணோம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

"என்ன, மறுபடியும் படம் ஓடிச்சா?"

"ஓடிச்சு."

"இன்னிக்காவது கதாநாயகி மாறினாளா?"

"மாறல. அதே ஆள்தான்."

"கொடுத்து வச்சவர்தான் போங்க," என்று சிரித்தாள். சிரிப்பு ஒரு கணம் தாமதமாக வந்ததோ?

*

கனவைப் பிடிக்கும் வித்தையை அவனுக்குச் சொல்லிக் கொடுத்தவன் கண்டக்டர். டெப்போவில் எல்லோரும் அவனை ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். வாயை மூடும் பொத்தான் அவனுக்கு வைக்கப்படவில்லை என்பது பொதுக் கருத்து. அவனுடைய அப்பா இறந்தபோது தூக்கம் கெட்டு ஆஸ்பத்திரிக்கு அலைந்தான். மனநலப் பிரிவில் ஓர் அம்மா இந்த வழியைக் காட்டினாராம். அன்றிலிருந்து பார்க்கிறவர்களின் கனவையெல்லாம் விசாரிப்பான். டிக்கெட் கொடுத்தபடியே விசாரிப்பான்.

மறுநாள் காலை மூன்றாவது நடை. மார்க்கெட் முனையில் டிரைவர் இடது பக்கம் வண்டியைத் திருப்பினான்.

பின் படிக்கட்டிலிருந்து விசில் அலறியது. "லெஃப்ட்ல ஆள்ண்ணே! லெஃப்ட்டு, லெஃப்ட்டு!"

பிரேக். உள்ளே நின்றவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். சைக்கிள்காரர் ஒருவர் ஒரு காலைத் தரையில் ஊன்றி, டிரைவரின் முன்னோர்கள் அனைவரையும் விசாரித்துவிட்டுப் போனார்.

"எங்கிருந்துடா வந்தான் அவன்?"

"சைக்கிள் கம்பெனியிலேர்ந்து. நீ போண்ணே," ரேடியோ பஸ்ஸின் உடம்பைக் கையால் தட்டினான். "லெஃப்ட்டைப் பத்தி நீ ஏன் கவலைப்படறே? உன் இடது கண்ணு நான்தானே! படிக்கட்டுல நிக்குது!"

கடைசி நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திவிட்டு இருவரும் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். டிரைவர் நேற்றைய கனவைச் சொன்னான்.

"சரி. அசையாம படுத்தே. கனவோட வாலைப் பிடிச்சுப் பின்னாடி போனே. இப்ப நடக்கற மாதிரியே சொன்னே. எல்லாம் கரெக்டு," என்றான் ரேடியோ. "ஆனா முக்கியமானதை விட்டுடறே. படியேறி வந்துட்டுக் கதவைத் திறக்க மாட்டேங்கறே."

"என்ன கதவு?"

"அதுல வர்ற ஒவ்வொண்ணாவும் நீ ஆகணும். ஆகிப் பேசணும். 'நான் ஸ்கிரீன். நான் இன்னது பண்றேன்'னு. கனவுல நீ மட்டும் நீ இல்லண்ணே. ஸ்கிரீனும் நீதான், ஊசியும் நீதான், அண்ணியா வர்றதும் நீதான்."

"நான் ஸ்கிரீனா?"

"ஆமா."

"பூப் போட்டதா, கோடு போட்டதா?"

"கிண்டல் பண்ணு. நான் எங்கப்பாவோட மூக்குக் கண்ணாடியா ஆகி அழுதிருக்கேன் தெரியுமா? ஆஸ்பத்திரி வராண்டால. அந்த வழியா வந்த நர்ஸ் எங்கிட்ட டோக்கன் இருக்கான்னு கேட்டாங்க."

டிரைவர் சிரிக்கவில்லை. டம்ளரைக் கையில் உருட்டினான். "இதுக்கெல்லாம் எதுக்குடா கூத்து? நேரா இருக்கே விஷயம். ஸ்கிரீன் தைக்கிறவ யாரு? அவ. ஸ்கிரீன் எதுக்கு? மறைக்கிறதுக்கு. அவ எதையோ எங்கிட்ட மறைக்கிறா."

ரேடியோவின் கையிலிருந்த டீ பேன்ட்டில் கொட்டியது.

"சேச்சே. அப்படிப் பாக்காதண்ணே. அண்ணியைப் போய்..." என்று தொடங்கியவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். பேன்ட்டைத் துடைத்தான். மறுபடியும் துடைத்தான்.

ரேடியோ அணைந்து டிரைவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ரேடியோ பேன்ட்டைக் கழுவப் போன நேரத்தில் டிரைவர் பஸ்ஸில் ஏறி, இயர்போனைக் காதில் செருகி, நேற்றுப் பதிந்ததைக் கேட்டான். தன் குரல். பஸ் ஓடுது. வாய் நிறைய குண்டூசி. டப், டப்.

நிறுத்தினான். பின்னால் தள்ளி மறுபடியும் கேட்டான்.

அவனுடைய குரலுக்குப் பின்னால் இன்னொரு குரல் இருந்தது. மெஷின் நின்றிருந்த நேரம். அடுத்த அறை. மனைவி போனில் பேசிக்கொண்டிருந்தாள். அவன் கண்ணை மூடிக் கனவை ஒப்பித்துக்கொண்டிருந்தபோது, அவள் அடங்கிய குரலில் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்:

"...இல்ல, அவருக்குத் தெரியக் கூடாது. தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாரு... வியாழக்கிழமை நானே வரேன்... ம்... அவரு டியூட்டியில இருப்பாரு."

பதிவு அதோடு நின்றது. அதற்குப் பிறகுதான் மெஷின் ஓடியது.

இரண்டு விசில் கேட்டது. கிளம்ப வேண்டும். டிரைவரின் கை சாவியில் இருந்தது, திருப்பத்தான் வரவில்லை.

*

ஒரு சந்தேகம் வீட்டுக்குள் வந்துவிட்டால் அது சும்மா உட்காராது. எல்லாச் சாமானையும் எடுத்துத் திருப்பிப் பார்க்கும்.

சாப்பிடும்போது அவள் எப்போதும் எதிரில்தான் உட்காருவாள். இப்போது இடது பக்கம் வந்து ஒட்டி உட்காருகிறாள். தண்ணீர் டம்ளர் வலது பக்கம் போய்விட்டது. வெளியே நடக்கும்போது அவனுடைய இடது கையைக் கோத்துக்கொள்கிறாள்; கல்யாணமான புதிதில்கூட வெட்கப்பட்டு நாலடி தள்ளி நடந்தவள். ஒரு புது அன்பு வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தது. தப்பு செய்கிறவர்கள்தான் திடீரென்று அன்பாகிறார்கள் என்று டெப்போவில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்து குடைந்தது.

அவள் தரையில் துணியை விரித்து, மேல் விளிம்பில் மடிப்பு எடுத்து, ஒவ்வொரு மடிப்பிலும் ஊசி குத்திக்கொண்டிருந்தாள். அவன் வாசற்படியில் நின்றான்.

"வியாழக்கிழமை உனக்கு என்ன வேலை?"

அவள் வாயைச் சுட்டிக் காட்டினாள். ஊசி. ஒவ்வொன்றாக எடுத்துத் திண்டில் குத்தினாள். அவசரமே இல்லை. பொய் ஒன்றைத் தைத்து முடிக்க அந்த நேரம் போதும் என்று அவன் நினைத்தான்.

"லைனிங் துணி எடுக்கக் கடைக்குப் போகணும். ஏன்?"

"சும்மா கேட்டேன்."

"சும்மா கேக்கற ஆளா நீங்க?"

"கேக்கக் கூடாதா?"

"கேளுங்க, கேளுங்க. பொண்டாட்டிகிட்ட ஒரு கேள்வி கேக்கறதுக்கு உங்களுக்கு இப்பத்தான் நேரம் கிடைச்சிருக்கு," என்று சொல்லிவிட்டு ஊசிகளை மறுபடியும் வாயில் வைத்துக்கொண்டாள்.

*

வியாழக்கிழமை அவன் வழக்கம்போல விடியுமுன் கிளம்பினான். ஆனால் டெப்போவில் முதல் நாளே பேசி, மதிய ஷிஃப்டுக்கு மாற்றிக்கொண்டிருந்தான். மருந்துக் கடை ஓரத்தில், தெரு முழுக்கத் தெரிகிற மாதிரி நின்று காத்திருந்தான். கடைகள் திறந்து வெயில் ஏறிய பிறகு அவள் வந்தாள். கையில் துணிப்பை இல்லை. லைனிங் எடுக்கப் போகிறவள் வெறுங்கையோடு போவாளா?

பின்தொடர்ந்தான்.

அவளுடைய நீலத் துப்பட்டாவை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தான். திருப்பத்தில் எதுவோ இடது தோளில் இடித்தது. பெயின்டர் ஒருவர் ஏணியைச் சுமந்துகொண்டு நின்றார்.

"யோவ், இவ்வளவு பெரிய ஏணி வருது! கண்ணை வீட்டுல கழட்டி வச்சுட்டு வந்தியா?"

"நீ பார்த்து வர வேண்டியதுதானே?"

"நான் நின்னுட்டிருக்கேன்யா! நீதான் வந்து முட்டினே!"

தோளைத் தேய்த்துக்கொண்டு ஓடினான். நீலத் துப்பட்டா ஒரு மூக்குக் கண்ணாடிக் கடைக்குள் நுழைந்தது.

அவனுக்கு அப்பாடா என்றிருந்தது. அந்தக் கடையில் பார்வைப் பரிசோதனை செய்பவள் அவளுடைய தங்கை. தங்கையைப் பார்க்கத்தான் வந்தாளா? இதற்கா இவ்வளவு ரகசியம்? அடுத்த கணமே சந்தேகம் மறுபடியும் எழுந்தது. தங்கையைப் பார்க்க வருவது அவனுக்கு ஏன் தெரியக் கூடாது? தெரிந்தால் அவன் ஏன் உடைந்துபோக வேண்டும்?

கடையின் கண்ணாடிச் சுவரில் பாதிக்குத் திரை இழுத்துவிட்டிருந்தது. மீதிப் பாதி வழியாகப் பார்த்தான்.

மச்சினி வெள்ளைக் கோட்டில் நின்றிருந்தாள். மனைவி பேசிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். இடது கையை மேசைமேல் நீட்டி, அங்கிருந்த ஒரு கண்ணாடிக் கூட்டைத் தட்டிவிட்டாள். அது விழுந்தது. அவள் வேண்டுமென்றேதான் தட்டினாள். பிறகு தலையை முழுசாக, தோளோடு சேர்த்து, கோழி பார்ப்பதுபோல இடது பக்கம் திருப்பினாள். எழுந்தாள். பிரேம் அடுக்கிய ஸ்டாண்டின் அருகே நடந்து, இடது தோளால் அதை உரசினாள். உரசிவிட்டு நின்று, ஏதோ ஸ்டாண்டுதான் வந்து இடித்த மாதிரி அதை முறைத்தாள்.

யாரையோ நடித்துக் காட்டுகிறாள்.

மச்சினி சிரித்திருந்தால் அவன் உள்ளே புகுந்து சண்டை போட்டிருப்பான். அவள் சிரிக்கவில்லை. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

டிரைவரின் இடது தோள் இன்னும் வலித்தது. அந்த முறைப்பு. சற்று முன் அந்தப் பெயின்டரைத் தான் முறைத்த முறைப்பு.

கடைத் திரையையே பார்த்தபடி நின்றான். வெளிர் மஞ்சள் துணி. பூவும் இல்லை, கோடும் இல்லை. ரேடியோ சொன்னது காதில் கேட்டது. நடைபாதையில், ஆட்கள் போய்வருகிற இடத்தில், யார் பார்த்தாலும் பைத்தியம் என்பார்கள். அவன் உதடு அசைந்தது.

"நான் ஸ்கிரீன்," என்றான்.

ஒன்றும் வரவில்லை. மறுபடியும் சொன்னான்.

"நான் ஸ்கிரீன். நான்... மெதுவா வர்றேன். நீ பயப்படாத அளவுக்கு மெதுவா. நான் வரவர நீ தலையைத் திருப்பிக்கறே. நீ திருப்பத் திருப்ப எனக்கு இடம் கிடைக்குது. நான் இருக்கறது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் நீ கேக்க மாட்டே. கேட்டா வண்டியை நிறுத்தணும்."

தன் வாயிலிருந்து வந்த கடைசி வார்த்தை அவனையே திடுக்கிட வைத்தது.

மெல்ல வலது கையைத் தூக்கி வலது கண்ணைப் பொத்தினான். மச்சினியின் முகத்தையே பார்த்தான். முகம் தெரிந்தது. அவன் பார்வைக்கு இடது பக்கம், அவளருகே நின்ற மனைவியைக் காணோம்.

கறுப்பாக இருந்திருந்தால் என்றைக்கோ பயந்திருப்பான். கறுப்பு இல்லை. சுவர் சுவராகவே நீண்டிருந்தது. மனைவி நின்ற இடத்தில் சுவர்தான் இருந்தது.

கையை எடுத்தான். மனைவி இருந்தாள். இந்த முறை அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

"மாமா, இப்படி உக்காருங்க," என்றாள் மச்சினி. வலது கண்ணைப் பொத்தச் சொன்னாள், விரலை ஆட்டினாள், தெரிகிறதா என்று கேட்டாள். இடது ஓரத்திலிருந்து விரல் வெகுதூரம் உள்ளே வந்த பிறகுதான் அவன் "ம்" என்றான். அவள் மறுபடியும் செய்தாள். மறுபடியும் அதே இடத்தில்தான் "ம்".

"நான் டாக்டர் இல்ல மாமா. கண்ணுக்குள்ள பிரஷர் ஏறினா இப்படி ஆகும். வலிக்காது, சிவக்காது. இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரியில காட்டணும். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாத்தலாம். இதைத்தான் அக்காகிட்ட தொண்டை கிழியக் கத்தறேன். கூட்டிட்டு வாக்கா, கூட்டிட்டு வாக்கான்னு."

"கூட்டிட்டு வந்தா நீ சும்மா இருப்பியா?" என்றாள் அக்கா. "டெப்போல சொல்லுன்னுவே."

"சொல்லத்தான் சொல்லுவேன்! அவரு ஓட்டறது என்ன தள்ளுவண்டியா?"

டிரைவர் மனைவியைப் பார்த்தான். பார்ப்பதற்குத் தலையைத் தோளோடு திருப்ப வேண்டியிருந்தது. கோழி மாதிரி.

"எப்ப தெரிஞ்சுது உனக்கு?"

"நீங்க முக்காலியில இருந்த டம்ளரைத் தட்டிவிட்டுட்டே இருந்தீங்க. முதல்ல கோபத்துல தட்டறீங்கன்னு நினைச்சேன்." அவள் மணிக்கட்டைத் தடவிக்கொண்டாள். ஊசித் திண்டைக் கழற்ற மறந்து அப்படியே வந்திருந்தாள். "லீவு நாள்ல உங்களைப் பார்த்திருக்கேங்க. நாற்காலியில உக்காந்து ரெண்டு கையையும் வட்டமா வச்சுக்கிட்டு, தெருவையே பார்த்துட்டு இருப்பீங்க. பேச மாட்டீங்க. கையில ஸ்டியரிங் இல்லாத உங்களைப் பார்க்க எனக்குப் பயம். இன்னும் கொஞ்ச நாள், இன்னும் கொஞ்ச நாள்னு..."

"அதனால?"

"அதனால இடது பக்கத்தை நான் பார்த்துக்கிட்டேன். வீட்டுல நான். பஸ்ஸுல..." நிறுத்தினாள்.

"பஸ்ஸுல யாரு?"

"கண்டக்டர் தம்பிகிட்ட சொல்லி வச்சிருந்தேன்."

உன் இடது கண்ணு நான்தானே. டிரைவருக்கு ரேடியோவின் குரல் காதில் கேட்டது. அதற்குப் பின்னாலேயே இன்னொரு சத்தமும். டப், டப், டப்.

"கனவுல பஸ்ஸைத் தட்டறது யாரு?"

"எனக்கெப்படித் தெரியும்? உங்க கனவு."

இந்த முறை அவள் பொய் சொல்லவில்லை. அவன் எழுந்தான்.

*

டெப்போவில் அவனுடைய வண்டி கிளம்பத் தயாராக நின்றிருந்தது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. டிரைவரோடு தானும் மதிய ஷிஃப்டுக்கு மாறியிருந்த ரேடியோ பின் படிக்கட்டில் பையை மாட்டிக்கொண்டு யாரிடமோ வழக்கடித்துக்கொண்டிருந்தான். டிரைவருடன் வந்த மனைவியைப் பார்த்ததும் வழக்கு பாதியில் நின்றது.

"தட்டின கை யாருது?" என்றான் டிரைவர்.

"எந்தக் கை?"

"நடிக்காதே. ஸ்கிரீனா ஆகிப் பார்த்துட்டேன். இப்ப அந்தக் கையா ஆகச் சொல்றியா?"

ரேடியோ படியிலிருந்து இறங்கினான். டிரைவரைக் கொஞ்சம் தள்ளி, டயர் அடுக்கியிருந்த இடத்துக்குக் கூட்டிப்போனான்.

"ஒரு அம்மா," என்றான். "ஸ்கூல் நிறுத்தத்துல. இறங்கறப்போ பை முன் கதவு இடுக்குல மாட்டிக்கிச்சு. நீ வண்டியை எடுத்துட்டே. தட்டிக்கிட்டே கூட ஓடி வந்தாங்க. இடது கண்ணாடியில தெளிவாத் தெரிஞ்சிருக்கும்ண்ணே. அப்ப அண்ணி எங்கிட்ட எதுவும் சொல்லியிருக்கல. நீ பார்த்துடுவேன்னு நினைச்சேன். நான் விசில் ஊதறதுக்குள்ள விழுந்துட்டாங்க."

"அப்புறம்?"

"பை அறுந்துச்சு. அதனால தப்பிச்சாங்க. முழங்கை பூரா ரத்தம். எழுந்து நின்னு மண்ணை வாரித் தூத்தற மாதிரி திட்டினாங்க."

"என்ன சத்தம்னு உங்கிட்ட கேட்டேனே. நீ என்ன சொன்னே?"

"எவனோ குடிச்சுட்டுத் தட்டறான், நீ போண்ணேன்னு சொன்னேன்."

"நானும் நம்பிட்டேன்."

"நம்பலண்ணே. நம்பியிருந்தா எதுக்குக் கனவுல வருது?"

அன்றைக்கு அந்தச் சத்தம் கேட்டபோது தன் பார்வை இடது கண்ணாடிக்குப் போனது டிரைவருக்கு நினைவு வந்தது. கண்ணாடியில் ஒன்றும் இல்லை என்பதும். சாலைகூட இல்லை என்பதும். அப்படியே கியரை மாற்றியதும்.

"அண்ணிக்கு இது தெரியாது," என்றான் ரேடியோ. "நான் சொல்லல. உங்கிட்டயும் சொல்ல வாய் வரல. எனக்கு! வாய் வரல! அதான் கனவு, கனவுன்னு உன்னைப் பிடுங்கினேன். நான் சொல்லாததை உனக்குள்ளேயே யாராவது சொல்லிட மாட்டாங்களான்னு பார்த்தேன். நீ என்னடான்னா அண்ணியைத் துப்பறியக் கிளம்பிட்டே."

"டிரைவர் சார்! வண்டி கிளம்புமா, இல்ல நாங்க உள்ளேயே குடித்தனம் பண்ணணுமா?" ஜன்னலிலிருந்து ஒருவர் கத்தினார். பஸ் சிரித்தது.

ரேடியோ அவனுடைய கையைப் பிடித்தான். "இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிருண்ணே. நான் முன் படியிலேயே நிக்கறேன், கண்ணை எடுக்க மாட்டேன். நாளைக்கு ரெண்டு பேரும் யோசிச்சுச் சொல்லலாம். இதைச் சொன்னா நீ மட்டும் இல்ல, நானும் காலி."

மனைவியும் அதையே கேட்கிறாள் என்பது அவள் நின்ற விதத்தில் தெரிந்தது.

அவன் ஏறினான். இருக்கையில் உட்கார்ந்தான். ஸ்டியரிங் கைக்கு வந்ததும் உடம்பு தானாக நேராயிற்று. இத்தனை வருஷமாக அந்த வட்டம்தான் அவனுடைய உள்ளங்கை. சாவியைத் திருப்பினான். இன்ஜின் உறுமியது. கூட்டம் "அப்பாடா" என்றது. பின்னாலிருந்து, பழக்க தோஷத்தில், இரண்டு விசில்.

டிரைவர் வலது கண்ணைப் பொத்தினான்.

நேரே பார்த்தான். டெப்போ கேட் தெரிந்தது. முன் கதவில் இன்னும் ஆட்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள். காலடிச் சத்தம் கேட்டது, ஒரு குழந்தை எதையோ கேட்டு அழுதது, ஒரு பெண் "பார்த்து ஏறுங்க" என்றாள். யாரும் தெரியவில்லை. கதவே தெரியவில்லை. அந்த இடத்தில் மழமழவென்று ஒரு தகரச் சுவர்.

இன்ஜினை அணைத்தான்.

இந்த முறை கால் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. இறங்குவதற்குத்தான் வெகுநேரம் பிடித்தது.

டெப்போ மேனேஜர் தன் அறையில் தலையைத் தூக்காமலே, "என்னய்யா, வண்டி ரெடி, கூட்டம் ரெடி," என்றார்.

"நான் ரெடி இல்ல சார். எனக்கு இடது பக்கம் தெரியல."

அவர் தலையைத் தூக்கினார். "எப்பலேர்ந்து?"

"எனக்குத் தெரிஞ்சு இன்னிலேர்ந்து. தெரியாத மாதிரி இருந்தது ரொம்ப நாளா." சாவியை மேசைமேல் வைத்தான். "இன்னொண்ணும் இருக்கு. ஸ்கூல் நிறுத்தத்துல ஒரு அம்மா விழுந்தாங்க. அவங்களைத் தேடணும்."

மேனேஜர் எழுந்து கதவைச் சாத்தப் போனார். சாத்த முடியவில்லை. ரேடியோ வாசலில் நின்றிருந்தான்.

"நானும் உள்ள வரேன் சார்," என்றான். பையைக் கழற்றி மேசைமேல் வைத்தான். பிறகு டிரைவரிடம் மெதுவாக, "சொல்லிக் கொடுத்தவனுக்கே ஆப்பு," என்றான். யாரும் சிரிக்கவில்லை, அவன்கூட.

*

வெளியே வந்தபோது மனைவி கேட்டுக்கு அருகில் நின்றிருந்தாள். அவனுடைய பஸ் இன்னும் அங்கேயே இருந்தது. மாற்று டிரைவர் வராததால் கூட்டம் இறங்கிக்கொண்டிருந்தது. இறங்கியவர்கள் அவனைத் திட்டிக்கொண்டே போனார்கள். அவன் ஒருவரையும் தவறவிடாமல், தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். முழங்கையில் தழும்பு உள்ள கை ஏதாவது தெரிகிறதா என்று.

"என்ன சொன்னாங்க?" என்றாள்.

"விசாரணை வரும். எனக்கும் அவனுக்கும். முதல்ல ஆஸ்பத்திரி."

"நான்தான் எல்லாத்துக்கும்..."

"கனவுல உன் வாயில ஊசியை வச்சது நான்தான்," என்றான். "நீ பேசிடக் கூடாதுன்னு."

அவளுக்கு அது பாதி புரிந்தது. அவனுக்கே பாதிதான் புரிந்தது. அவள் மணிக்கட்டுத் திண்டைக் கழற்றித் துப்பட்டா முனையில் முடிந்துகொண்டாள். பழக்கத்தில் அவனுடைய இடது பக்கம் வந்து கையைக் கோத்தாள்.

"அந்தப் பக்கம் வேண்டாம். இந்தப் பக்கம் வா."

"இடிச்சுக்குவீங்க."

"வா."

அவள் வலது பக்கம் போனாள். இருவரும் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தார்கள். மார்க்கெட் முனையைத் தாண்டி, கடைகள் நெருங்கிய இடத்தில், அவனுடைய இடது தோள் ஒரு விளக்குக் கம்பத்தில் மோதியது. எலும்பில் பட்ட சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் கம்பத்தை முறைக்கவில்லை. தோளோடு திரும்பி, அது அங்கே நிற்பதைப் பார்த்தான்.

"வலிக்குதா?"

"வலிக்குது," என்றான். "நல்லா வலிக்குது."